முறையிடாதவை

பழுதான பொருளைச் செப்பனிடுவதா, வேறு வாங்கிவிடுவதா என்ற கேள்வி எல்லார் வீட்டிலும் மாதம் ஒரு முறையாவது எழுகிறது. குடைக்கம்பி ஒடிந்தாலும் எழும், மிக்ஸி நின்றுபோனாலும் எழும். இது வெறும் சில்லறைக் கணக்கு என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். இதற்குள் தர்மம் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று ஒளிந்திருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஒரு பழைய மலைச் சைக்கிள் அந்தச் சிரிப்பை அடக்கிவிட்டது.

மலைச் சைக்கிள் என்று நான் சொல்வது, தடித்த டயரைப் போட்டுக்கொண்டு தார் ரோட்டில் பவனி வருகிற சைக்கிளை அல்ல. கல்லும் வேரும் நிறைந்த பாதையில் இறங்குவதற்கென்றே செய்யப்பட்ட வண்டி அது. சாதாரணச் சைக்கிளில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் வெறும் இரும்புக் கவை. இதிலோ அது ஒன்றுக்குள் ஒன்று ஏறி இறங்கும் குழாய்களாக இருக்கும். உள்ளே ஒரு ஸ்பிரிங், கொஞ்சம் எண்ணெய். சக்கரம் கல்லில் மோதினால் குழாய் உள்ளே அமுங்கி, அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்ளும். கடைகளில் இதை 'ஷாக்' என்பார்கள்.

2009-ஆம் ஆண்டு, ஒரு நாவல் கொஞ்சம் பணம் கொண்டுவந்தபோது அந்தச் சைக்கிளை வாங்கினேன். 26 அங்குலச் சக்கரம்; 100 மில்லிமீட்டர் அமுங்கும் ஷாக். நான்கு வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாதைகளில் ஓட்டினேன். பிறகு தொந்தியும் தொடர்கதையும் சேர்ந்து என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டன. சைக்கிள் வீட்டுத் தாழ்வாரத்தில் சாய்ந்து நின்றது. என் அக்காவின் மகன் வளர்ந்து ஆளானதும் அதை எடுத்துக்கொண்டான்.

போன கோடையில் ஒருநாள் அவன் வந்து நின்றான்.

"மாமா, இந்த ஷாக் செத்துப்போச்சு. 140 மில்லிமீட்டர்ல புதுசு ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். மாத்திரலாமா?"

"அதுக்கென்ன, மாத்திரலாம்" என்றேன். கொடுக்கிற கைக்கு ஒரு போதை உண்டு. பதிப்பாளர் பணம் அனுப்பியிருந்த வாரத்தில் அந்தப் போதை சற்று அதிகமாகவே இருக்கும்.

கோயமுத்தூரில் இம்மாதிரி வண்டிகளைப் பார்க்கிற மெக்கானிக் ஒருவரிடம் போனோம். முன்பு மோட்டார் சைக்கிள் பழுது பார்த்தவர். தலை பாதி நரைத்தவர். ஹாண்டில் பாரின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றி அழுத்திப் பார்த்தார். இரண்டு விரற்கடை இறங்கி, முனகிக்கொண்டு நின்றது. கையை எடுத்த பிறகு, மனசில்லாமல் எழுந்திருப்பது போல மெதுவாக மேலே வந்தது.

"இதை எப்பங்க கடைசியாப் பிரிச்சது?" என்று கேட்டார்.

மருமகன் என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"பிரிச்சதே இல்லைங்க. நல்லாத்தானே ஓடிக்கிட்டிருந்துச்சு?"

"ஓடுமுங்க" என்றார் அவர். "அது ஓடத்தான் செய்யும். சொல்லாது."

'சொல்லாது' என்ற அந்த ஒற்றைச் சொல்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

அவர் அடியிலிருந்த இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, மெல்லத் தட்டி, கீழ்க்கால்களை உருவினார். ஒரு காலிலிருந்து ஒன்றும் வரவில்லை. இன்னொரு காலிலிருந்து ஒரு கரண்டி அளவு கறுத்த குழம்பு வடிந்தது. எண்ணெயில் ஊறியிருக்க வேண்டிய நுரை வளையங்கள் காய்ந்த இட்லித் துணி மாதிரி விறைத்திருந்தன. தூசியைத் தடுக்க வேண்டிய ரப்பர் ஸீலுக்கு அடியிலேயே தூசி புகுந்து, வழவழப்பான மேல்குழாயில் நகத்தால் கீறியது போல ஒரு தழும்பை உண்டாக்கியிருந்தது. இத்தனைக்கும் வெளியே வண்டி பளபளவென்றுதான் இருந்தது. மருமகன் வாரந்தவறாமல் துடைத்து, குழாயில் தேங்காய் எண்ணெய் வேறு தடவியிருக்கிறான். அது தூசியை அழைத்து உட்கார வைத்த உபசாரம் என்பதை அன்றுதான் இருவரும் தெரிந்துகொண்டோம்.

ஒவ்வொரு கீழ்க்காலிலும் இருக்க வேண்டிய எண்ணெய் அநேகமாக 5 முதல் 15 மில்லி. குழந்தைக்கு மருந்து கொடுக்கிற அளவு. ஏறக்குறைய 50 மணி நேரச் சவாரிக்கு ஒரு முறை கீழ்க்கால்களைக் கழற்றித் துடைத்து அந்த எண்ணெயை மாற்ற வேண்டும் என்று இத்தகைய ஷாக்குகளின் கையேடுகள் சொல்கின்றன. ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவதற்கு உள்ளே தனியாக இருக்கும் எண்ணெய்க்கு இன்னும் நீண்ட தவணை. நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். ஞாயிறு ஒன்றுக்கு மூன்று மணி, வருஷத்துக்கு 150, நான்கு வருஷத்தில் 600. ஆக, என் காலத்தில் மட்டும் பன்னிரண்டு முறை செய்திருக்க வேண்டிய காரியம். நான் ஒரு முறைகூடச் செய்யவில்லை.

கையேட்டில் இருக்கிற அளவுகோலைக் கவனியுங்கள். 'சத்தம் வந்தால் பிரித்துப் பார்' என்றோ, 'இறுகிப்போனால் எடுத்து வா' என்றோ அது சொல்லவில்லை. இத்தனை மணி நேரம் ஆனால் பார் என்கிறது. பழுது தன்னைத் தெரிவித்துக்கொள்ளும் என்று அதை எழுதியவர் நம்பவில்லை. நான் நம்பினேன்.

இந்த வண்டிகளின் பூர்வ கதையைப் படித்தால், பழுது வாய்விட்டுக் கத்திய காலம் ஒன்று இருந்தது தெரிகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டி என்ற மலைப்பிரதேசம் இருக்கிறது. 1970-களில் அங்கே சில இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழங்காலச் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலைப்பாதைகளில் விட்டு இறங்கினார்கள். ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கருகே ஒரு பாதை. ஏறக்குறைய இரண்டு மைல் தூரத்தில் 1,300 அடி இறங்குகிறது. 1976-இல் அதில் பந்தயம் தொடங்கியது. அந்த வண்டிகளுக்குப் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கிற பிரேக், பின்சக்கரத்து ஹப்புக்குள் இருக்கும். ஒரே இறக்கத்தில் அது காய்ந்து, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்துப் புதுக் கிரீஸை அடைத்தாக வேண்டும். அப்படி மறுபடியும் அடைப்பதற்கு ஆங்கிலத்தில் 'ரீபேக்' என்று பெயர். அந்தப் பாதைக்கும் அதுவே பெயராகிவிட்டது.

ஒரு மலைப்பாதைக்கு வீரனின் பெயரையோ தெய்வத்தின் பெயரையோ வைக்காமல், செய்து தீர வேண்டிய ஒரு பராமரிப்பு வேலையின் பெயரை வைத்திருக்கிறார்களே என்று எனக்கு வியப்பாக இருந்தது. ஆனால் அவர்களை நல்லவர்கள் என்று நான் புகழ மாட்டேன். அவர்களுக்கு வேறு வழி இல்லை. மூக்குக்கு நேராகப் புகை வந்தால் யாரும் கடமை தவற முடியாது.

அந்த வண்டிகளுக்கு ஷாக் கிடையாது. கல்லின் அடி மணிக்கட்டுக்கும் முதுகுக்கும் நேராக வந்தது. பிறகு 1989-இல், மோட்டார் சைக்கிள் அனுபவம் உள்ள பால் டர்னர் என்பவர் ராக்‌ஷாக்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கி, சைக்கிளுக்கு முன்ஷாக் செய்தார். முதலில் வந்தது சுமார் 50 மில்லிமீட்டர்தான் அமுங்கும். 1990-இல் கொலராடோவின் டுராங்கோ நகரில் நடந்த உலகப் பந்தயத்தில், கிரெக் ஹெர்போல்ட் அந்த ஷாக்கைப் பூட்டிய வண்டியில் மலை இறக்கப் போட்டியை வென்றார். அதன் பிறகு ஷாக் இல்லாத மலைச் சைக்கிள் அபூர்வமாகிவிட்டது.

சுகம் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. மணிக்கட்டு வாங்கிய அடியை இப்போது மூடிய குழாய்க்குள்ளே எண்ணெய் வாங்குகிறது. அடி குறையவில்லை, வாங்குகிறவன் மாறிவிட்டான். மணிக்கட்டு முறையிடும், எண்ணெய் முறையிடாது. தாங்குகிறவன் எவ்வளவு நன்றாகத் தாங்குகிறானோ அவ்வளவுக்கு நாம் அவனை மறக்கிறோம். ஓட்டுகிறவன் நினைவுக்கே வராமல் இருப்பதுதான் நல்ல ஷாக்குக்கு இலக்கணம். அந்த நற்குணமே அதற்கு எமனாகவும் வந்து வாய்க்கிறது.

மருமகன் விடவில்லை. "அதனாலதான் புதுசு மாத்திரலாம்னு சொல்றேன்" என்றான். மெக்கானிக் விற்பவர்தான், விற்றால் அவருக்கு லாபம்தான். ஆனாலும் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்.

"தம்பி, நீங்க பார்த்து வெச்சிருக்கிற ஷாக்குக்கு மேல்தண்டு அடியில ஒன்றரை அங்குலம், மேல போகப் போகக் குறுகும். உங்க ஃபிரேம் அந்தக் காலத்து நேர்க்குழாய், ஒண்ணேகால் அங்குலத்துக்கும் குறைவு. உள்ளேயே போகாது. போற மாதிரி ஒண்ணு தேடிப் பிடிச்சாலும், உங்க சக்கரத்து ஆக்ஸில் 9 மில்லி, அதுக்கு 15 மில்லி வேணும். சக்கரம் மாத்தணும். இப்ப வர்றது 27½, 29 அங்குலம். இது அத்தனையும் மாத்தினாலும் 40 மில்லி உசரம் கூடிப்போகும். வண்டி முன்னால தலையைத் தூக்கி, ஹாண்டில் ரெண்டு டிகிரி சாஞ்சிடும். இந்த ஃபிரேமோட கழுத்து அந்த நீளத்துக்குச் செஞ்சது இல்லைங்க."

"உடைஞ்சிருமா?" என்றான் மருமகன்.

"இன்னிக்கு உடையாது. புது ஷாக்குன்னா நீங்க சும்மா ஓட்டுவீங்களா? இன்னும் வேகமா, இன்னும் பெரிய கல்லுல விடுவீங்க. ஷாக் தாங்கும். கழுத்து எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

படித்தவர்கள் மேம்பாடு என்று சொல்லுகிற விஷயத்தைப் பற்றி நான் கேட்ட நேர்மையான விமரிசனம் இதுதான். மேம்படுத்தினால் சுமை குறையும் என்று நினைக்கிறோம். அநேகமாகக் குறைவதில்லை. நாம் அதிகமாக ஏற்றுகிறோம். சுமை அடுத்தபடியாகப் பேசத் தெரியாத ஓர் இடத்துக்குப் போய்ச் சேருகிறது.

இந்த இடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். 'சைக்கிள் ஒரு ஜடம். ஜடத்துக்கு வலி ஏது, அதற்கு நாம் செய்ய வேண்டிய கடமை ஏது? பழையதைக் கட்டிக்கொண்டு அழுவது கருமித்தனம். அதற்குத் தர்மம் என்று பெயர் சூட்டுகிறீரே!' என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பழையது என்பதாலேயே ஒரு பொருள் புனிதமாகிவிடாது. 1990-களில் எண்ணெய்க்குப் பதிலாக ரப்பர் போன்ற துண்டுகளை அடுக்கிச் செய்த ஷாக்குகள் நிறைய வந்தன. குளிரில் அவை இறுகிப்போகும். வருஷம் ஆக ஆகப் பொடிந்துபோகும். அப்படிப் பொடிந்து, மாற்றுத் துண்டும் கிடைக்காத ஒன்றை வைத்துக்கொண்டு மலையில் இறங்குகிறவன் பக்தனும் அல்ல, சிக்கனக்காரனும் அல்ல. கழுத்தை முறித்துக்கொள்ளப் போகிறவன். அவன் புதிது வாங்குவதுதான் சரி.

ஆனால் நான் கடைக்குப் போன காரணம் அது அல்லவே. நான் பன்னிரண்டு முறை செய்யாமல் விட்டதை, ஒரே ஒரு முறை பணம் கொடுத்துத் தீர்த்துவிடப் பார்த்தேன். புது ஷாக் வந்திருந்தால் பழையதன் கறுத்த எண்ணெயை நான் பார்த்தே இருக்க மாட்டேன். குற்றம் பொருளின் மேல் விழுந்திருக்கும். 'செத்துப்போச்சு' என்று அதற்குத் தீர்ப்பும் எழுதியிருப்போம். அதே கைதானே புதியதையும் பிடிக்கப் போகிறது? ஜடத்துக்கு வலி இல்லை என்பது உண்மை. ஆனால் ஜடத்திடம் பழகிய கை, ஜடம் அல்லாதவற்றிடம் போகும்போது வேறு கையாக மாறிவிடுவதில்லை.

இதைப் பொதுவாகச் சொல்லிவிட்டு நான் நழுவிவிடலாம். நழுவக் கூடாது என்பதால் மேலே சொல்கிறேன்.

எங்கள் தகப்பனார் இறந்தபோது அக்கா பத்தாவது முடித்திருந்தாள். அதோடு நிறுத்திக்கொண்டு தையல் மெஷினில் உட்கார்ந்தாள். அந்த மெஷினின் சத்தத்தில்தான் நான் பள்ளிக்கூடத்தைத் தாண்டினேன். கல்லூரியில் இரண்டு வருஷம் படித்ததும் அந்தச் சத்தத்தில்தான். அவள் ஒருநாளும் முறையிட்டதில்லை. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, புருஷனை இழந்து, மறுபடியும் என் வீட்டுக்கே வந்த பிறகும் தைத்தாள். நான்கு வருஷத்துக்கு முன்பு ஒருநாள், மேல் தட்டிலிருந்து டப்பாவை எடுக்க அவள் வலக்கையை இடக்கையால் தாங்கித் தூக்குவதைப் பார்த்தேன். மனம் இளகிவிட்டது. மறு வாரமே மோட்டார் வைத்த புது மெஷின் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். எனக்கே என்மேல் பெருமிதமாக இருந்தது. ஒரு கதையில்கூட எழுதினேன்.

மெக்கானிக் கடையில் நின்றபோதுதான் அந்த மெஷின் என் நினைவுக்கு வந்தது. அது வந்த பிறகு அக்கா முன்னைவிட இரண்டு பங்கு தைக்கிறாள். தீபாவளிக்கு அக்கம்பக்கத்துத் துணியெல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது. கால் மிதிப்பது நின்றது, தோள் ஓயவில்லை. எதை மாற்றலாம் என்று யோசித்தேனே ஒழிய, "எங்கே வலிக்குது அக்கா? எத்தனை நாளா?" என்று நான் கேட்டிருக்கவில்லை. கேட்பதற்குப் பணம் தேவையில்லை. அதனால்தானோ என்னவோ எனக்குத் தோன்றவில்லை.

புது ஷாக் வாங்கவில்லை. மெக்கானிக் இரண்டு நாள் அவகாசம் கேட்டார். ஸீல்களையும் நுரை வளையங்களையும் மாற்றி, உள் எண்ணெயையும் கீழ்க்கால் எண்ணெயையும் புதிதாக விட்டார். அவரே ஒரு மேம்பாடும் சொன்னார். உள்ளே இருந்த ஸ்பிரிங் என் பழைய எடைக்கு ஏற்றது. மருமகன் என்னைவிடப் பதினைந்து கிலோ குறைவு. நல்ல ஷாக், ஆள் ஏறி உட்கார்ந்த மாத்திரத்திலேயே தன் நீளத்தில் நாலில் ஒரு பங்கு வரை தாழ வேண்டுமாம். 100 மில்லிமீட்டருக்குச் சுமார் 25. அப்படித் தாழ்ந்திருந்தால்தான் பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொடர்ந்து பிடித்திருக்க முடியும். இவன் ஏறினால் அது தாழவே இல்லை. எனக்காகச் செய்த விறைப்பில் இவன் இத்தனை வருஷம் அடிபட்டிருக்கிறான். மெல்லிய ஸ்பிரிங் ஒன்று போட்டதும் சரியாகிவிட்டது. புதியது எல்லாமே ஆசை அல்ல என்பதற்கும், இப்போது தாங்குகிறவனைப் பார்த்துச் செய்கிற மாற்றம் நல்ல மாற்றம் என்பதற்கும் இதைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம்.

"அந்தக் கீறல்?" என்று கேட்டேன்.

"அது போகாதுங்க. லேசாத் தேய்ச்சு விட்டிருக்கேன். புது ஸீலையும் கொஞ்சம் சீக்கிரமா அரிக்கும். மத்தவங்க அம்பது மணிக்கு ஒருதரம் பார்த்தா, நீங்க முப்பதுக்கு ஒருதரம் பாருங்க."

வட்டி என்று நான் புரிந்துகொண்டேன். தவறிப்போன கவனிப்பைப் பின்னால் மொத்தமாகச் செலுத்த முடியாது. அதன் பிறகு ஆயுசு முழுக்கத் தவணைகள்தாம் நெருங்கி நெருங்கி வரும்.

மருமகன் சமையலறைக் காலண்டரில் சவாரி மணிகளைப் பென்சிலால் குறிக்க ஆரம்பித்தான். அக்கா அதைப் பார்த்துவிட்டு என்ன கணக்கென்று கேட்டாள். அவன் விவரமாகச் சொன்னான். நானும் பக்கத்தில் இருந்தேன். அவள் கேட்டு முடித்து, "பரவாயில்லையே, இரும்புக்கு இருக்கிற யோகம்!" என்று சிரித்தபடி அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள். அவள் பரிகாசமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவளை டாக்டரிடம் அழைத்துப் போனேன். தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "இந்த வலி எத்தனை நாளா இருக்கு?"

"ஏழு வருஷமாச்சுங்க" என்றாள் அக்கா.

நான் நான்கு என்று எண்ணியிருந்தேன்.

"ஏன் இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லலை?"

"வேலை நடந்துக்கிட்டுத்தானுங்களே இருந்துச்சு" என்றாள்.

தினமும் காலையில் அரை மணி நேரம் கைக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். தையலைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். முழுதும் குணமாகும் என்று அவர் சொல்லவில்லை. மருமகனின் காலண்டரில் இப்போது இரண்டு வரிசைக் குறிகள் இருக்கின்றன. இரண்டாவது வரிசை என் கையெழுத்து. நடுவே சில நாட்கள் விட்டுப்போயிருக்கின்றன. அதையும் அழிக்காமல் அப்படியேதான் வைத்திருக்கிறேன்.